நீலியின் வழக்கும் வெஸ்ட்வியூ மக்களின் வழக்கும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால், யட்சியம்மனுக்கோ இசக்கிக்கோ மாடன் தம்புரானுக்கோ ஒரு பீடமாவது இல்லாத ஊரைக் காண்பது அரிது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் போராடிக் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. தெய்வங்கள் இந்தப் பாகப்பிரிவினைக்குக் கட்டுப்படவில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வில்லுப்பாட்டில் வரும் நீலி என்ற யட்சி, இந்தப் பக்கம் மலையாளத்துத் தெக்கன் பாட்டிலும் வருகிறாள்.

அவள் உலவிய வழியும் இதுதான். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் கதை இருக்கிறது. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட ஆளரவமற்ற வழியில் அழகிய பெண்ணாக நின்று, நடந்து வருகிறவர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு, பிறகு அவர்கள் உயிரைக் குடிக்கும் யட்சியின் கதை அது. 1891-இல் வெளிவந்த சி.வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் பஞ்சவன்காட்டில் தொடங்கும். அந்தக் காட்டு யட்சியின் கதை அதற்குள்ளும் சொல்லப்படும். பின்னாளில் ஏஷியாநெட் தொடரில் கத்தனாரோடு அவள் வீட்டுக்கு வீடு வந்தாள். 2025 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, ஓணத்தை ஒட்டி, டொமினிக் அருணின் ‘லோகா’வில் கல்யாணி பிரியதர்ஷனின் உருவில் சூப்பர் ஹீரோவாகவே வந்துவிட்டாள். மலையாளத்தின் மிகப் பெரிய வசூல் படங்களில் ஒன்றாக ஆன அந்தப் படம் ஒரு தொடர்வரிசையின் முதல் அத்தியாயம். அடுத்தடுத்த அத்தியாயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே இந்தக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு இப்போது இரண்டு நீலிகள். ஒருத்தி கோயில் கொடை இரவில் பாடப்படுகிறவள். மற்றவள் செல்போனில் பார்க்கப்படுகிறவள். அதே செல்போனில் மார்வெல் நிறுவனத்தின் தொடர்களும் ஓடுகின்றன. பார்த்த பிள்ளைகள் பாதியில் அலுத்துப்போய் விட்டுவிடுவதும் நடக்கிறது. ஒரு மூலக்கதையிலிருந்து கிளைக்கும் கதை எப்போது நிறைவு தருகிறது, எப்போது ஏமாற்றுகிறது? சினிமா விமர்சகர்கள் இதைத் திரைக்கதைச் சிக்கலாகப் பேசுவார்கள். இது அதைவிடப் பழைய கேள்வி. செய்த வினைக்கு யார் பொறுப்பு, அந்தக் கணக்கைக் கேட்க யாருக்கு உரிமை என்று சமயங்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி.

மார்வெலின் தொடர்களில் சிறந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மட்டமானதை எடுத்துக் குறை சொல்வது எளிது. எட்டு எபிசோடுகளோடு நிறுத்தப்பட்ட 2017-இன் ‘இன்ஹியூமன்ஸ்’, முடிவில் ஒரே பாத்திரத்துக்கு எல்லா வீரர்களின் சக்திகளையும் அள்ளிக் கொடுத்துவிட்டு ஓய்ந்த 2023-இன் ‘சீக்ரெட் இன்வேஷன்’ போன்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அளவுக்கு மீறித் தயாரித்ததால் கவனம் சிதறிவிட்டது என்று டிஸ்னியின் அன்றைய தலைவர் பாப் ஐகரே 2023-இல் ஒப்புக்கொண்டார். ஆனால் 2021 ஜனவரியில் தொடங்கிய ‘வாண்டாவிஷன்’ அப்படிப்பட்டதல்ல. நல்ல நடிப்பு, துணிச்சலான வடிவம், உண்மையான துக்கம் எல்லாம் அதில் உண்டு. அதன் ஏமாற்றமே கவனிக்கத் தக்கது.

காதலன் விஷனை இழந்த வாண்டா, தாங்க முடியாத துயரத்தில், நியூ ஜெர்சியின் வெஸ்ட்வியூ என்ற சிற்றூரையே மந்திரத்தால் வளைத்துவிடுகிறாள். ஊர் முழுவதும் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடராக மாறுகிறது. இறந்த விஷன் கணவனாகத் திரும்புகிறான், இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் பெயரை இழந்து, அவள் கொடுத்த வேடத்தில், அவள் எழுதிய வசனத்தைச் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். உள்ளுக்குள் அவர்கள் விழித்தேதான் இருக்கிறார்கள். கடைசி எபிசோடில் அந்தக் கட்டு சற்றுத் தளரும்போது அவர்கள் தெருவில் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒரு தாய், அறைக்குள் அடைபட்டிருக்கும் தன் எட்டு வயது மகளை வெளியே விடும்படி கெஞ்சுகிறாள். உன் துக்கம்தான் எங்கள் கனவில் வந்து எங்களை வதைக்கிறது என்கிறார்கள். விட முடியாவிட்டால் எங்களைச் சாகவாவது விடு என்கிறார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதைவிடக் கனமான ஒரு தெருக்காட்சி அரிது. சக்தி படைத்த ஒருத்தியின் நியாயமான துயரம், ஒன்றும் அறியாத ஒரு ஊருக்கு நரகமாகிறது. இனி என்ன? பார்க்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்.

பதிலாக வருவது வானத்தில் இரண்டு சூனியக்காரிகளின் சண்டை. அது முடிந்ததும் வாண்டா மந்திரத்தைக் கலைக்கிறாள், கணவனையும் பிள்ளைகளையும் இழக்கிறாள், ஊர்க்காரர்களின் வெறுப்புப் பார்வைக்கு நடுவே நடந்து வருகிறாள். அங்கே நிற்கும் தோழி மோனிகா, நீ எதைத் துறந்தாய் என்பது இவர்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை என்று அவளைத் தேற்றுகிறாள். வாண்டா பறந்துவிடுகிறாள். அடுத்த ஆண்டு வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படத்தில் ஊர் பற்றிய பேச்சு ஒரு நிமிடத்தில் முடிகிறது. ஆட்களுக்குத் துன்பம் நேர்ந்தது என்று அவள் சொல்ல, கடைசியில் நீ எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாயே என்று டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் தள்ளுபடி செய்துவிடுகிறார். அந்தத் தாயின் மகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பிறகு வாண்டா வில்லியாகிறாள். அவள் துக்கத்திலிருந்து கற்றதாகக் காட்டியதெல்லாம் அடுத்த படத்தின் தேவைக்காக அழிக்கப்படுகிறது.

ஏமாற்றம் இங்கேதான் இருக்கிறது. கதை ஒரு கடனைத் தானே எழுதிக் காட்டியது. பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டது.

இப்போது பழையனூருக்குப் போகலாம். திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்த ஊர் அது. குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் பாடப்படும் நீலி கதையின் பெரும்பகுதி அங்கே நடந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் இசக்கியம்மனின் கதையும் இதுவே. ஊருக்கு ஊர் பெயர்கள் மாறும், நிகழ்ச்சிகள் கொஞ்சம் கூடும் குறையும். எலும்புக்கூடு ஒன்றுதான்.

தன்னை நம்பி வந்த பெண்ணை, அவள் தன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது, காட்டில் வைத்துக் கல்லைப் போட்டுக் கொன்றுவிட்டு நகைகளோடு போகிறான் ஒருவன். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டுமே சாட்சி. அவனும் பாம்பு கடித்துச் சாகிறான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறான் என்று பழையனூர்ச் சபையில் முறையிடுகிறாள் நீலி. இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று கதறுகிறான் வணிகன். சபையில் எழுபது வேளாளர்கள். குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. இன்று இரவு இவளோடு தங்கு, உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் கையில் காவலுக்கு வைத்திருந்த மந்திரக் கத்தியையும் வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். அவளைக் காணோம். எழுபது பேரும் தீமூட்டி இறங்குகிறார்கள். அவர்களுக்குப் பழையனூரில் இன்றும் நினைவு மண்டபம் இருக்கிறது.

இந்தக் கதையில் யாருக்குமே தீர்ப்பு சுலபமாக இல்லை. போன பிறவியில் செய்த கொலை இந்த வணிகனுக்கு நினைவில்லை. நினைவில்லாதவனைத் தண்டிப்பது நியாயமா? நீலிக்கு இழைக்கப்பட்டது பெருங்கொடுமை. அதற்காக அவள் சபையைப் பொய் சொல்லி ஏமாற்றலாமா? வேளாளர்கள் கண்ட சாட்சியத்தை வைத்து நல்லெண்ணத்தோடுதான் தீர்ப்புச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் செய்த பிழைக்கும் விலை உண்டா? உண்டு என்று தங்கள் உடம்பையே கொடுத்துச் சொல்கிறார்கள் அவர்கள். வெஸ்ட்வியூவில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அங்கே ஊரே அழுகிறது, சபை கூடவில்லை.

கொடை இரவுகளில் இதைக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். கல் விழும் கட்டம் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித்தான் வரும். வில்லின் மணிகள் வேகம் பிடிக்கும், குடமும் உடுக்கும் ஏறும், வலப்பக்கத்துப் பாட்டுக்காரர் இழுத்ததை இடப்பக்கத்தார் வாங்கித் தருவார்கள். பிறகு வரத்துப்பாட்டு. சாமியாடிக்கு அருள் வரும். இசக்கி சந்நிதியில் தொட்டில் கட்டிய பெண் கூட்டத்தில் நிற்பாள். பிள்ளை பிறந்ததற்குச் சேலை கொண்டுவந்தவளும் நிற்பாள். இவர்களுக்குக் கதை எப்படி முடியும் என்பது நூறு தடவை தெரியும். தெரிந்தும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்கள். முடிவை அறியும் ஆவல் அவர்களை அங்கே உட்காரவைக்கவில்லை. தங்களுக்கும் ஒரு முறையீடு உண்டு, அதைக் கேட்கக்கூடியவள் தானே ஒரு காலத்தில் முறையிட்டு நின்றவள் என்ற நம்பிக்கை உட்காரவைக்கிறது.

நீலியின் கதை அதோடு நிற்கவும் இல்லை. அவளிடமிருந்து ஒரு பெரிய கிளைக்கதையைச் சமணர்கள் உருவாக்கினார்கள். ‘நீலகேசி’யில், முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், காளிக்கு ஆடு வெட்ட வந்தவர்களிடம் மண்ணால் செய்த ஆட்டை வைத்தால் போதும் என்கிறார். பலி நின்றுபோன கோபத்தில் காளி பழையனூர் நீலியைத் துணைக்கு அழைக்கிறாள். சுடுகாட்டில் தவமிருந்த முனிவரை மிரட்டப் போன நீலி, அவர் அசையாததைக் கண்டு, அறம் கேட்டு, சமணத்தைத் தழுவுகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் வாதிடுகிறாள். பௌத்தக் காப்பியத் தலைவியான குண்டலகேசியையே வாதில் சந்திக்கிறாள். ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, உலகாயதர் என்று யாரையும் விடுவதில்லை. ‘குண்டலகேசி’ முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. அதை மறுத்த ‘நீலகேசி’ கிடைத்து, அ. சக்கரவர்த்தி நயினாரால் 1936-இல் அச்சேறியது.

இன்றைய வழக்கில் சொன்னால் இது ஒரு கதையுலகின் பேயும் இன்னொரு கதையுலகின் நாயகியும் மோதும் கிளைக்கதை. இது ஏன் ஏமாற்றவில்லை? பழையனூர்க் கதை விட்டுவைத்த கேள்வியை இது நேராக எடுத்துக்கொள்வதுதான் காரணம். பழி வாங்கியாயிற்று, எழுபது பேர் எரிந்தாயிற்று, இது எங்கே போய் நிற்கும்? கொல்லாமையால் மட்டுமே நிற்கும் என்பது அந்தச் சமணக் கவிஞரின் பதில். அதை ஏற்காதவர்கள் உண்டு. நெய்யாற்றின்கரைக் கிராமங்களின் பெண்கள் நீலியை முனிவரிடம் ஒப்படைக்காமல் இசக்கியாகவே வைத்துக்கொண்டார்கள். இரண்டு பதில்களும் ஒரே கேள்விக்குக் கட்டுப்பட்டவை.

‘மணிமேகலை’யும் அப்படித்தான். கோவலன் கண்ணகி கதையிலிருந்து கிளைத்த அந்தக் காப்பியத்தின் நாயகிக்கு மூன்று சக்திகள் கிடைக்கின்றன. வானில் பறக்கலாம், வேற்றுருவம் எடுக்கலாம், பசியில்லாமல் இருக்கலாம். எந்தச் சூப்பர் ஹீரோவுக்கும் குறையாத வரம். ஆனால் அதை இயற்றிய சாத்தனார் அந்த வரத்துக்கு விலை வைக்கிறார். அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுத்ததால்தான், காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தவறாக எண்ணி இளவரசன் உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். உருமாறும் சக்தி ஒரு உயிரைப் பறித்தது. மணிமேகலை சிறைப்படுகிறாள், தண்டிக்கத் துடிக்கும் அரசியின் எதிரில் நிற்கிறாள். மகனை இழந்த சோழனோ, தான் தர வேண்டிய தண்டனையைத்தான் காஞ்சனன் தந்தான் என்கிறான். பாத்திரங்கள் எல்லோரும் தங்கள் செயலுக்கு எதிரே நிறுத்தப்படுகிறார்கள். காப்பியத்தில் மக்கள் மனத்தில் தங்கியது பறக்கும் மந்திரம் அல்ல. அமுதசுரபியும், சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக்கச் சொன்ன அவள் கோரிக்கையும்தான்.

வாண்டாவின் துக்கத்துக்கு இன்னும் நெருங்கிய உறவு ‘ஞானவாசிட்ட’த்தில் இருக்கிறது. வீரை ஆளவந்தார் தமிழில் பாடிய அந்த நூலின் லீலை கதையில், அரசி லீலை, கணவன் பத்மன் இறந்தாலும் அவன் உயிர் இந்த அரண்மனையை விட்டுப் போகக் கூடாது என்று சரசுவதியிடம் வரம் பெற்று, அவன் இறந்ததும் உடலைப் பூக்களுக்குள் வைத்துக் காக்கிறாள். அந்த அறைக்குள்ளேயே இன்னொரு உலகம் இருக்கிறது, அங்கே அவன் வேறு பெயரில் அரசாள்கிறான். உலகுக்குள் உலகம் இந்திய மனத்துக்குப் புதிதல்ல. லீலைக்கு அந்த உலகங்கள் காட்டப்படுவது, என்னுடையது என்று அவள் பிடித்திருக்கும் பிடி தளர்வதற்காக. அமெரிக்கத் தொடர்களில் பல உலகங்கள் திறப்பது இழந்ததைத் திரும்பப் பிடித்துக்கொள்வதற்காக. ஓர் உலகில் செத்தவர் இன்னோர் உலகிலிருந்து வந்துவிடலாம் என்றான பிறகு, எந்தச் சாவுக்கும் யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலையும் கேளிக்கையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். மார்வெல் யாரையும் தீச்சட்டி எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சூப்பர் ஹீரோ கதையின் வேரிலேயே கடன் இருக்கிறது. 1962-இல் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த கதையை நினைத்துப் பாருங்கள். தனக்கென்ன என்று அவன் தப்பவிட்ட திருடன்தான் அவன் பெரியப்பாவைக் கொல்கிறான். அந்த ஒரு கணத்தின் அலட்சியத்துக்கு அவன் ஆயுள் முழுக்க ஈடு கட்டுகிறான். அறுபது ஆண்டுகளாக அவன் தாங்குவது அதனால்தான். கோயிலிலிருந்து ஒரு அளவுகோலைக் கடன் வாங்கி இந்தக் கதைகளை அளக்க வேண்டியதில்லை. அவை தொடங்கும்போது தாங்களே வைத்த அளவுகோல் போதும்.

கிளைக்கதையைக் கேட்க உரிமையுள்ளவர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைக்காட்சியிலேயே ஒரு சான்று உண்டு. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1988 ஜூலையில், பட்டாபிஷேகத்தோடு முடிந்தபோது, பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வால்மீகியைத் தங்கள் முன்னோராக வணங்குகிறவர்கள். வால்மீகி ஆசிரமத்தில் சீதை அடைக்கலமாகி, லவனும் குசனும் வளரும் உத்தரகாண்டத்தைக் காட்டாமல் கதையை முடிப்பது எங்களை விலக்குவது என்றார்கள். வேலைநிறுத்தம் வேறு ஊர்களுக்கும் பரவியது. அரசு இறங்கிவந்தது, தூர்தர்ஷனில் உத்தர ராமாயணம் ஒளிபரப்பானது. அந்தக் கிளைக்கதை தொழில்நுட்பத்தில் மூலத்தைவிட உயர்ந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு ராமன் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருந்தது. அதைத் தெருவில் இறங்கிக் கேட்க மனிதர்கள் இருந்தார்கள்.

நெய்யாற்றின்கரைக்கு இது அன்னியச் செய்தியல்ல. அருகிலுள்ள அருவிப்புறத்தில், 1888 சிவராத்திரியன்று, கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாத ஈழவ சமூகத்தில் பிறந்த நாராயண குரு, நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிறுவினார். மூலக்கோயிலின் உத்தரவை அவர் கேட்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பாக்கி அந்தக் கல்லுக்குப் போதிய அதிகாரமாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் உடைமையாகப் பதிவான பாத்திரங்களுக்கு இந்த அதிகாரம் எப்படி வரும் என்பது கடினமான கேள்விதான். உரிமை சட்டப்படி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தக் கதைகளில் துன்பப்பட்டதாகக் காட்டப்படும் மனிதர்களுக்கோ அங்கே குரலே இல்லை.

வெஸ்ட்வியூ மக்களைப் பற்றிப் பிறகு ஒரு சேதி வந்தது. வாண்டாவிஷனிலிருந்து கிளைத்த ‘அகதா ஆல் அலாங்’ 2024 செப்டம்பரில் தொடங்கி, அதே ஊருக்குத் திரும்பியது. ஷாரன் டேவிஸ் என்ற முதிய பெண்மணி அதில் வருகிறார். வாண்டாவின் மந்திரத்தில் மிஸஸ் ஹார்ட் என்ற வேடத்தில் சிக்கியிருந்தவர். அவரை ஆள் கணக்குக்காகச் சூனியக்காரிகள் தங்கள் பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். முன்பு வாண்டாவோடு வானில் மோதிய சூனியக்காரியான அகதா அவரை அந்தப் பொய்ப் பெயரிலேயே கூப்பிடுகிறாள். மூன்றாவது எபிசோடில் விஷம் கலந்த மதுவைக் குடித்து அவர் இறக்கிறார். புதைத்துவிட்டுப் பயணம் தொடர்கிறது. ஊரே தெருவில் வைத்த முறையீட்டுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். தொடரில் நல்ல பாடலும் நல்ல நடிப்பும் இருந்தன; இந்த ஒரு சாவை அவற்றால் ஈடுகட்ட முடியவில்லை.

‘லோகா’வின் முதல் அத்தியாயத்தில் நீலிக்கு ஒரு பாக்கி கொடுக்கப்பட்டிருக்கிறது. அரசனின் ஆட்களால் தன் குடியே அழிக்கப்பட்ட சிறுமியாக அவள் காட்டப்படுகிறாள். தெக்கன் பாட்டின் நீலிக்கு அது முற்றிலும் வேறான பூர்வகதை என்றாலும், கேட்க ஒரு வழக்கு இருக்கிறது, அதனால் படம் நின்றது. அடுத்த அத்தியாயங்களில் குட்டிச்சாத்தன்களும் சக்திகளும் பெருகப்போகின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் பாறசாலைப் பக்கமோ களியக்காவிளைக்கு அப்பாலோ ஏதாவது ஒரு கொடைக்கு வந்து, சபை கூடும் கட்டம் வரை விழித்திருந்து கேட்க வேண்டும். இந்தக் கதையை முழுதாகப் பாடத் தெரிந்த புலவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.